எஃபெக்ட் மேல எஃபெக்ட் போட்டா உண்மை எங்கே நிற்கும்?

இந்த வாரம் கொஞ்சம் சண்டைக்குப் போகிறேன். யாரோடு என்றால், நம் எர்ணாவூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் பக்கத்து இளைஞர்களோடு. கெட்ட பிள்ளைகள் இல்லை. ஊருக்கு ஒன்று என்றால் முதலில் ஓடிப்போய் நிற்பவர்கள் அவர்கள்தான். கரையில் எண்ணெய் ஒதுங்கினாலும், கடல் ரோட்டைக் கடித்தாலும் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார்கள். அதுவரைக்கும் சபாஷ். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் கம்ப்யூட்டரில் போட்டு அவர்கள் செய்கிற வேலையைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு கிளிப்தான் இருக்கும். அதன்மேல் முதலில் ஆட்டத்தை நிறுத்தும் ஸ்டெபிலைசர். அதன்மேல் ஸ்லோ மோஷன். அதன்மேல் புள்ளிகளைத் துடைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன். அதன்மேல் கருநீலக் கலர். கடைசியில் ஒரு சினிமா பின்னணி இசை. கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும், ஃபேன் கத்தும், ராத்திரி முழுக்க ரெண்டர் ஆகும். விடிந்தால் நம் கடற்கரை ஏதோ கதாநாயகன் அறிமுகக் காட்சி மாதிரி வந்து நிற்கும்.

கல்யாண வீடியோவுக்கு இதெல்லாம் செய்யட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்லை. நம் காலத்து கேசட்டிலேயே மாப்பிள்ளை தாமரைப்பூவுக்குள் இருந்து வந்தார், பெண் இதய வடிவத்துக்குள் சிரித்தாள். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் நம் கடற்கரை கல்யாண மண்டபம் இல்லை. இங்கே எடுக்கிற வீடியோ பல நேரம் சாட்சி.

ஒவ்வொரு எஃபெக்ட்டும் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் என் கோபம் புரியும். போன் சாதாரணமாக நொடிக்கு 30 படம் எடுக்கிறது. அதை நாலு மடங்கு மெதுவாக்கினால் ஒரு நொடி நாலு நொடி ஆகும். 120 படம் வேண்டும். கையில் இருப்பது 30. மீதி 90? எடுத்த படத்தையே திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு படத்துக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று மென்பொருளே ஊகித்து வரைய வேண்டும். அப்படி வரைந்த அலை கடலில் அடித்த அலை இல்லை.

ஸ்டெபிலைசர் படத்தை நகர்த்தியும் வளைத்தும் ஆட்டத்தைக் குறைக்கிறது. அதில் ஓரங்கள் வெட்டுப்படும். அந்த ஓரத்தில்தான் பெரும்பாலும் கடையின் பெயர்ப் பலகையோ மின்கம்பத்து எண்ணோ இருக்கும். இது எந்த இடம் என்று சொல்லக்கூடிய ஒரே அடையாளம் அதோடு போயிற்று. நாய்ஸ் ரிடக்‌ஷன் அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, சின்னச் சின்னதாக மாறுகிற புள்ளிகளைக் குப்பை என்று நினைத்துத் துடைக்கும். தண்ணீர்மேல் மினுங்கும் எண்ணெய்த் திட்டும் அதற்குக் குப்பைதான். கலர் மாற்றினால் சாதாரணச் சேறும் தார் மாதிரி தெரியும், தாரும் சேறு மாதிரி தெரியும்.

தனித்தனியாகவே இவ்வளவு. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் முதல் எஃபெக்ட் செய்த ஊகத்தை இரண்டாவது எஃபெக்ட் நிஜம் என்று எடுத்துக்கொண்டு அதன்மேல் தன் ஊகத்தை ஏற்றும். அடோபி பிரீமியர் ப்ரோ என்கிற மென்பொருளில் வார்ப் ஸ்டெபிலைசரையும் வேக மாற்றத்தையும் ஒரே கிளிப்பில் போட்டால், இரண்டும் சேராது என்று திரையிலேயே எழுதிக் காட்டும். நம் பிள்ளைகள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கிளிப்பை ‘நெஸ்ட்’ என்ற உறைக்குள் போட்டு, உறையின்மேல் அடுத்த எஃபெக்ட்டைப் போடுகிறார்கள். மென்பொருளைப் பொறுத்தவரை அது சரியான வழிதான். மெஷினுக்கு வேலை முடிந்தது. ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனை உறை?

நான் வார்ப்படத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தவன். வார்ப்பில் ப்ளோ ஹோல், அதாவது காற்று ஓட்டை, விழுந்தால் அதைப் புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து அனுப்பப் பார்க்கிற ஆட்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அதனால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால்தான் பார்ப்போம். அடித்த பிறகு சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்க வேண்டியதுதான். எவ்வளவு பளபளப்போ அவ்வளவு சந்தேகம். வீடியோவும் அப்படித்தான். பளபளப்பைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகிற முதல் கேள்வி, “இதில் எது கேமரா எடுத்தது, எது கம்ப்யூட்டர் செய்தது?”

2017 ஜனவரி 28-ஐ நினைத்துப் பாருங்கள். காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் முதல் அறிவிப்பு வந்தது. அடுத்து வந்த நாட்களில் நம் எர்ணாவூர் கரையில் ஆட்கள் முட்டளவு கறுப்புக் கூழில் நின்று வாளியில் அள்ளினார்கள். அந்தக் காட்சிகளில் ஸ்லோ மோஷன் இல்லை, வயலின் இல்லை. வாளி, கை, கறுப்பு, அவ்வளவுதான். அந்த அறிவிப்பை அதற்குமேல் யாராலும் சொல்ல முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் கறை படிந்த படகும் வலையும்தான் பேசின. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கத்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாத வாயு. அங்கே கேமராவில் பிடிக்க முடிந்தது கடலில் கொப்பளித்த நுரைதான். அதைப் போய் மெதுவாக்கி, வளைத்து, துடைத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

எங்கள் தெருத் தம்பி ஒருவர் கடல் அரிப்பைப் பற்றி அருமையாக ஒரு வீடியோ செய்தார். ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். மனுவோடு அதை ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் இரண்டே கேள்விதான் கேட்டார்: என்றைக்கு எடுத்தது, எந்த இடம்? வீடியோவில் பதில் இல்லை. ஒரிஜினல் எங்கே என்றால், போனில் இடமில்லை என்று அழித்தாயிற்று. மனுவை வாங்கி வைத்துக்கொண்டார், வீடியோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஒரு சாக்கு கிடைத்தது. அந்தச் சாக்கைக் கொடுத்தது கடலா, எஃபெக்ட்டா?

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுச் சாட்சியத்தின் நகலைக் கொடுத்தால் சான்றிதழ் வேண்டும். அதில் அந்தக் கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணைக் குறிக்க வேண்டும். கோப்புக்கு அது கைரேகை மாதிரி. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். பழைய சட்டத்தின் 65பி பிரிவு பற்றி 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில், எடுத்தவரே அசல் கருவியோடு வந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றும் இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டது அல்ல என்பது உண்மைதான். ஆனால் நம்பிக்கைக்கு எல்லா இடத்திலும் ஒரே விதிதான்.

அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். “இன்னா தாத்தா, சும்மா போட்டா எவன் பாப்பான்? நாலு பேர் பாத்தாதானே மேல இருக்கறவன் திரும்பிப் பாப்பான்?” என்றார். நியாயமான கேள்வி. வடசென்னை நாறினால் யாரும் மூக்கைக்கூடத் திருப்புவதில்லை என்பது ஐம்பது வருஷமாக இங்கே குடியிருக்கும் எனக்குத் தெரியாதா? அதனால் எடிட்டிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் பார்ப்பதற்கு ஒன்று, நாலு பேர் நம்புவதற்கு ஒன்று, இரண்டும் வேண்டும் என்கிறேன். பார்ப்பதற்கான வீடியோவிலும் ஒரு கிளிப்புக்கு ஒரு எஃபெக்ட் போதும். இருட்டாக இருந்தால் வெளிச்சம் கூட்டுங்கள். ஆடினால் ஆடட்டும், ஓடுகிறவன் கை ஆடத்தான் செய்யும், அதுவும் ஒரு சாட்சிதான்.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிற பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. எடுத்த கோப்பை எடுத்தபடியே ஒரு பென் டிரைவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். தேதி, நேரம், இடம், எடுத்தவர் பெயர், நாலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த வேலையை நாமே செய்யலாம். முப்பது வருஷம் ஷிப்ட் ரிஜிஸ்டர் எழுதிய கை நமக்கு. அடுத்த முறை எண்ணெய் வரும்போது, வராமல் இருக்கட்டும், ஆனால் வந்தால், நம் பிள்ளைகள் படம் எடுக்கட்டும், நாம் ரிஜிஸ்டர் எழுதுவோம்.