14 வயதில் ஒரு பூப்பந்து விளையாட்டாளரை எடைபோட முடியுமா? கிள்ளான் தீனாவும் அமெரிக்க டிராஃப்டும் காட்டுவது என்ன?

2025 ஆகஸ்ட் 31. நாம் இங்கே தேசிய தினம் கொண்டாடிய அதே நாளில், பாரிஸில் உலகப் பூப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டங்கள் நடந்தன. கலப்பு இரட்டையரில் சென் தாங் ஜீ–தோ ஈ வெய் தங்கம் வென்றார்கள். அந்தப் பிரிவில் மலேசியாவுக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். பெண்கள் இரட்டையரில் பெர்லி தான்–எம். தீனா முதல் செட்டை வென்றும், சீனாவின் லியு ஷெங்ஷு–தான் நிங் ஜோடியிடம் ஆட்டத்தை இழந்து வெள்ளியோடு திரும்பினார்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இதைக் கவனிச்சீங்களா? 2018-இல் ஆசிய ஜூனியர் போட்டியில் பெண்கள் இரட்டையர் தங்கம் வென்றது பெர்லியும் தோ ஈ வெய்யும்தான், ஒரே ஜோடியாக. அன்றைக்கு யாராவது வந்து, "இந்த ரெண்டு பேரும் வேற வேற ஜோடியில ஆடட்டும், ஒரே நாளில் ரெண்டு உலக இறுதி ஆட்டம் கிடைக்கும்" என்று சொல்லியிருந்தால் நாம் சிரித்திருப்போம்.

அப்போது கிள்ளானில் பிறந்த தீனாவுக்கு 20 வயது. உலக ஜூனியர் பட்டமோ ஆசிய ஜூனியர் பட்டமோ அவர் பெயரில் கிடையாது. 2019-இல் பெர்லியோடு ஜோடி சேர்ந்தார். அதன்பின் 2021 ஸ்விஸ் ஓபன், 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் தங்கம், அதே ஆண்டு பிரெஞ்சு ஓபன், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் என்று வரிசையாக வந்தது. 2017-இல் ஒரு தேர்வாளர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து தீனாவுக்கு மதிப்பெண் போட்டிருந்தால், இந்தப் பட்டியலில் எத்தனையை எழுதியிருப்பார்?

அமெரிக்காவிலும் இதே தலைவலிதான்

இளம் விளையாட்டாளரைத் தொழில்முறைக்கு எடைபோடுவதில் நிறையச் செலவழிக்கும் அமைப்புகளில் ஒன்று, அமெரிக்கக் காற்பந்தின் என்எப்எல். ரீல்ஸில் பார்த்திருப்பீங்க: ஆண்டுதோறும் ஏப்ரலில் 32 அணிகள், ஏழு சுற்றுகளாக, கல்லூரி ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுப்பார்கள். இதற்குப் பெயர் டிராஃப்ட். அதற்கு முன்னால் இண்டியானாபொலிஸில் அவர்களை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, உள்ளங்கையைக்கூட அளந்து பார்ப்பார்கள். எல்லாரையும்விடக் கவனமாகப் பார்க்கப்படுபவர் குவார்ட்டர்பேக். பந்தை வாங்கி, இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து, முழு அணியையும் இயக்குபவர் அவர்.

இவ்வளவு செய்தும் முடிவு எப்படி? 1998-இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட ரையன் லீஃப், சில ஆண்டுகளிலேயே காணாமல் போனார். 2000-இல் 199-ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு சூப்பர் பௌல் வென்றார். 2022-இல் கடைசி ஆளாக, 262-ஆவதாகப் போன பிராக் பர்டி, 2024 பிப்ரவரியில் சூப்பர் பௌலில் தன் அணியை வழிநடத்தினார். 2025-இல் ஷெடூர் சாண்டர்ஸ், முதல் சுற்றிலேயே போவார் என்று பலர் கணித்திருக்க, ஐந்தாம் சுற்றில் 144-ஆவது இடம்வரை சரிந்தார். கல்லூரியில் கடைசி ஆண்டு அவர் எறிந்த பந்துகளில் 74 விழுக்காடு சரியான ஆளின் கைக்குப் போயிருந்தது. அப்புறம் ஏன் சரிந்தார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

சிக்கலின் வேர் இதுதான். குவார்ட்டர்பேக்கின் எண்கள் அவருடையவை மட்டும் அல்ல. முன்னால் நின்று அவரைக் காப்பவர்கள், ஓடிப்போய் பந்தைப் பிடிப்பவர்கள், பயிற்றுநர் போட்டுக் கொடுத்த திட்டம், எல்லாம் சேர்ந்துதான் அந்த 74. கல்லூரியில் பிடிப்பவர் தனியாக நிற்பார். தொழில்முறையில் ஒரு முழம் இடைவெளிகூடக் கிடைக்காது. எவ்வளவு தூரம் எறிகிறார் என்பதை அளந்துவிடலாம். எறிய வேண்டாம் என்று எப்போது முடிவெடுக்கிறார் என்பதற்கு அளவுகோல் கிடையாது.

இரட்டையர் பூப்பந்தும் அப்படியே.

438-ஐ அளக்கலாம், தீனாவை எப்படி அளப்பது?

2023 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் பெர்லியின் ஸ்மாஷ் மணிக்கு 438 கிலோமீட்டர் வேகத்தில் பதிவாகி, பெண்களுக்கான கின்னஸ் சாதனையானது. அருமையான எண். தலைப்புச் செய்திக்கு ஏற்றது. ஆனால் ஆட்டத்தில் அந்த ஸ்மாஷ் அடிக்க ஷட்டில் மேலே எழ வேண்டும். எதிராளி அதைத் தூக்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலையை யாராவது உருவாக்க வேண்டும். வலைக்கு அருகே நின்று, சர்வீஸுக்கு அடுத்த இரண்டு மூன்று அடிகளில் அந்த நிலையை உருவாக்கும் வேலை பெரும்பாலும் தீனாவுடையது. அதற்குக் கின்னஸ் கிடையாது. அதனால் தீனாவின் வேலை சின்ன வேலை என்று அர்த்தமில்லை. நம்மிடம் அதை அளக்கும் கருவி இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸ் பக்கமோ 15 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம் பார்க்கப் போனால், ஸ்மாஷை விட்டுவிட்டு வேறு சிலதைப் பாருங்க. தன் கையில் ஷட்டில் இல்லாதபோது அந்தப் பிள்ளை எங்கே நகர்கிறது? ஜோடி ஒரு சுலபமான அடியை வலையில் விட்டால் முகம் எப்படி மாறுகிறது? 18–18-இல் சர்வீஸ் வாங்கும்போது பழகிய அடியா, புதிய யோசனையா? ஒருமுறை ஏமாந்த அதே தந்திரத்துக்கு மறுபடி ஏமாறுகிறதா? குறிப்பாக, ஜோடியை மாற்றிப் போட்டால் எத்தனை ஆட்டத்தில் ஒத்துப்போகிறது? என்னைக் கேட்டால் இந்தக் கடைசிக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். பதக்கப் பட்டியலில் அதற்குப் பத்தி இல்லை.

வயது ஒரு கண்கட்டு வித்தை. ஜூனியர் போட்டிகளில் வயது வரம்பு நாள்காட்டி ஆண்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவு. 13 வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்றால் தோளிலும் உயரத்திலும் தெரியும். அதைத் திறமை என்று தேர்வாளர் எடுத்துக்கொள்வது பல விளையாட்டுகளில் ஆய்வாளர்கள் கண்ட விஷயம். (தீனா பிறந்தது 1998 ஜனவரி 3. ஆக, இந்தக் கணக்கில் அவர் லாபப் பக்கம்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அப்போ ஜூனியர் பட்டத்துக்கு மதிப்பே இல்லையா?

இருக்கு. டென்மார்க்கின் விக்டர் அக்செல்சன் 2010-இல் உலக ஜூனியர் வெற்றியாளர்; பின்னர் இரண்டு ஒலிம்பிக் தங்கம். சீனாவின் சென் சிங்சென் 2014 உலக ஜூனியரில் தங்கம் வென்றவர். 2024-இல் ஒலிம்பிக் தங்கம். இவர்கள் விஷயத்தில் தேர்வாளர்கள் பார்த்தது சரியாகவே இருந்தது.

ஆனால் நம் கோ ஜின் வெய்யை நினைத்துப் பாருங்க. பினாங்குப் பெண். 15 வயதில், 2015-இல் உலக ஜூனியர் பட்டம். 2018-இல் மறுபடியும். அதே ஆண்டு இளையோர் ஒலிம்பிக் தங்கம். இதைவிடப் பளிச்சென்ற ஒரு ஜூனியர் பதிவை எங்கே தேடுவது? 2019 டிசம்பரில் அவருக்குப் பெருங்குடல் அறுவை சிகிச்சை நடந்தது. 2021-இல், 21 வயதில், உடல்நலம் கருதி விலகுவதாக அறிவித்தார். 2022 ஜனவரியில் திரும்பி வர முயன்றபோது தேசியச் சங்கம் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது, பிறகு நீக்கியது. அவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடினார் என்பதே என்னைப் பொறுத்தவரை பெரிய சாதனை. எந்தத் தேர்வுத் தாளிலும் இந்த வழி எழுதப்பட்டிருக்காது.

மறுபக்கமும் உண்டு. தேசிய அணியில் இடமிழந்தபின் சொந்தக் காலில் நின்ற ஓங் யூ சின்–தியோ ஈ யீ, 2021-இல் உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார்கள். சங்கத்துக்கு வெளியே ஆடிய கோ ஸீ ஃபெய்–நூர் இஸ்ஸுதின் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கே போனார்கள்.

இதைப் படித்துவிட்டு, "தேர்வாளர் சொன்னா சொல்லட்டும், நம்ம பிள்ளை பிராக் பர்டி" என்று முடிவெடுத்துவிடாதீங்க. கடைசி இடத்தில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் பர்டி செய்தி ஆகிறார்.

தவறின் விலையை யார் கொடுப்பது?

இங்கேதான் அமெரிக்காவுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம். என்எப்எல் டிராஃப்டுக்குப் போக, உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். ஆக, எடைபோடப்படுபவருக்கு 21, 22 வயது. உடல் வளர்ந்துவிட்டது, கையில் பெரும்பாலும் பாதிப் பட்டமாவது இருக்கும். தப்பாக எடுத்தால் நஷ்டம் அணி முதலாளிக்கு.

இங்கே அந்த முடிவு 13-லிருந்து 16 வயதுக்குள் வந்துவிடுகிறது. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியா, புக்கிட் கியாராவில் இருக்கும் மலேசியப் பூப்பந்து அகாடமியா, அல்லது வீட்டுப் பக்கத்திலேயே பள்ளியும் மாலையில் தனியார் கிளப்புமா என்று எஸ்பிஎம்முக்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். தனியார் வழி என்றால் செலவு குடும்பத்தின் தலையில். நல்ல ரக ஷட்டில் ஒரு குழாய் 100 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது; தீவிரப் பயிற்சியில் அது பல நாள் தாங்காது. மைதான வாடகை, பயிற்றுநர் கட்டணம், ஜொகூருக்கும் பினாங்குக்கும் போட்டிக்குப் போய்வரும் பெட்ரோல் தனி. அப்பா லீவு போட்டு ஓட்டுவதற்கு யாரும் பில் போடுவதில்லை.

உச்சத்துக்குப் போனபின்னும் பேரம் சுலபமில்லை. ஒலிம்பிக் நான்காம் இடத்துக்குப் பிறகு, 2024 முடிவில் பெர்லி–தீனாவின் ஒப்பந்தப் புதுப்பிப்பு பல வாரங்கள் இழுத்து, 2025 தொடக்கத்தில்தான் முடிந்தது. உலகின் முன்னணி ஜோடிக்கே இப்படி என்றால், 15 வயதுப் பிள்ளைக்காகப் பேச உட்காரும் பெற்றோரின் கையில் என்ன இருக்கும்?

கேள்விகள் இருக்கும். உங்க தம்பியோ தங்கச்சியோ தேர்வுக்குப் போகிறார்கள் என்றால், "எங்க பிள்ளை தேறுமா?" என்பதோடு நிறுத்திவிடாமல் இவற்றையும் கேளுங்க: எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு? எதை வைத்து? ஒற்றையரிலிருந்து இரட்டையருக்கு மாற்றுவதை யார் முடிவு செய்வார்கள், பிள்ளையிடம் கேட்பார்களா? காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? வகுப்பு வாரத்தில் எத்தனை மணி நேரம், போட்டிக்காகத் தவறவிட்ட பாடத்தை யார் நடத்துவார்கள்? ஐந்தாம் படிவத்தின் நடுவில் "போதும்" என்று சொல்லி அனுப்பினால், அந்த வாரமே எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் இடம் கிடைக்கும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கோங்க.