மலை ஏறும் மழலைகள்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "இந்த ஆண்டு எங்கே?" என்பதுதான். பெரும்பாலும் விடையும் ஒன்றே: மலை. உதகை, கோடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்று ஊரின் பெயர் மாறலாம். புறப்படும் விதம் மாறுவதில்லை. வேன் ஒன்று வாடகைக்குப் பேசப்படுகிறது. தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை அதில் ஏறுகிறார்கள். இரவு முழுதும் ஓட்டம். பொழுது விடியும்போது மலையடிவாரம். பத்து மணிக்குத் தாவரவியல் பூங்கா, பன்னிரண்டு மணிக்குப் படகு இல்லம், மாலைக்குள் தொட்டபெட்டா, மறுநாள் காலை கூடலூர் வழியாக மைசூர். மூன்றாம் நாள் இரவு வீடு. "எல்லா இடமும் பார்த்துவிட்டோம்" என்று பெரியவர்கள் பெருமை பேசுகிறார்கள். குழந்தைகளோ வாந்தி எடுத்த வாயோடு தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்!

குழந்தைகளை மலைக்கு அழைத்துப் போகவே கூடாது என்பது என் கட்சியன்று. கட்டாயம் அழைத்துப் போக வேண்டும். ஆனால் பார்க்கும் இடங்களைப் பாதியாகக் குறைத்து, பாதையில் செலவிடும் நேரத்தை இரு மடங்காக்கிப் போக வேண்டும் என்கிறேன். இதற்கு ரசனை ஒரு காரணம். உயிர் மற்றொரு காரணம்.

நன்கு அறிந்த ஒரு பாதையையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர். இடையில் இருப்பது ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்ப் பாதைதான். அதற்குள் 1,900 மீட்டர் ஏறிவிடுகிறோம். மேட்டுப்பாளையத்தில் 730 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும் காற்றழுத்தம் உதகையில் 580 அளவிற்கு இறங்கிவிடுகிறது. இந்த மாற்றத்தை முதலில் உணர்வது காது. செவிப்பறைக்கு உட்புறம் அடைபட்ட காற்றும் வெளிக்காற்றும் சமநிலை அடைய வேண்டும். தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் மெல்லிய குழாய் அதற்கு வழிவிட வேண்டும். பெரியவர்கள் எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ சரிசெய்துகொள்கிறோம். கைக்குழந்தைக்கு அது தெரியாது, வீறிட்டு அழுகிறது. "பசிக்கிறதோ, குளிர்கிறதோ, கண்ணேறோ" என்று பாட்டி பதறுகிறாள். வண்டியைச் சற்று நிறுத்தித் தாய் பால் கொடுத்தால் போதும். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். இறங்கும்போது இந்த வலி இன்னும் மிகுதி. சளி பிடித்த குழந்தையாயின் சொல்லவே வேண்டா.

அடுத்தது வாந்தி. இதைக் குழந்தையின் குற்றம் போலவும் வண்டியின் குற்றம் போலவும் பேசுகிறோம். உண்மையில் இது இரு சாட்சிகளின் முரண்பாடு. உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்கள், "உடல் திரும்புகிறது, சாய்கிறது" என்று மூளைக்குச் சொல்கின்றன. வண்டிக்குள் குனிந்து கைப்பேசியில் படம் பார்க்கும் கண்ணோ, "எதுவும் அசையவில்லை" என்று சொல்கிறது. மூளை குழம்புகிறது, வயிறு அதற்குத் தண்டனை பெறுகிறது. இரண்டு வயதிற்குக் குறைந்தவர்களுக்கு இது அரிது. இரண்டு முதல் பன்னிரண்டு வரைதான் கொடுமை. குன்னூர்ப் பாதையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் குழந்தை அமைதியாக இருக்கட்டும் என்று கைப்பேசியைக் கையில் திணிக்கும் பெற்றோர், தாமே அந்த வாந்திக்கு விதை போடுகிறார்கள். பார்வையை வெளியே, தொலைவில் உள்ள மலைமுகட்டின்மேல் நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். வயிறு முட்ட இட்லியும் பூரியும் ஊட்டி ஏற்றாமல் அளவாகக் கொடுத்துப் பாருங்கள். பாதித் தொல்லை போய்விடும். மீதித் தொல்லைக்கு மருந்து, மெதுவாக ஓட்டுவதுதான்.

வெளியே பார்க்கச் சொன்னால் குழந்தை எதைப் பார்க்கும்? அங்கேதான் நாம் இழப்பது எவ்வளவு என்பது விளங்கும்! கல்லாற்றில் பாக்கு மரங்கள். பர்லியாற்றில் மங்குஸ்தானும் துரியனும் விளையும் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை. இன்னும் ஏறினால் பாக்கும் பலாவும் பின்தங்கித் தேயிலைச் சரிவுகள் தொடங்குகின்றன. அதற்கும் மேலே புல்வெளியும், பள்ளங்களில் மட்டும் கூடி நிற்கும் சோலைக்காடும். ஓராயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று நாம் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்குகிறோம். அந்த விதி மரங்களாக நின்று வழிநெடுகக் காட்சி தருவதை ஆறு வயதுப் பிள்ளை சன்னல் வழியே பார்த்துவிடலாம். "ஏன் இங்கே தென்னை இல்லை?" என்று ஒரு கேள்வி அதன் வாயிலிருந்து வந்துவிட்டால், படகு இல்லத்தில் வரிசையில் நின்ற இரண்டு மணி நேரத்தைவிட அது மேலானதாகாதா?

சென்ற ஆண்டு என் அக்காவின் பிள்ளைகள் இருவருடன் இப்பாதையில் சென்றேன். மூத்தவனுக்கு ஆறு, இளையவளுக்கு நான்கு. வழியில் ஓரிடத்தில் வண்டியின் சூடு தணிய அரை மணி நேரம் நின்றோம். மேகம் ஒன்று பாதையைக் கடந்து எங்களை நனைத்துப் போயிற்று. "மாமா, இது புகையா?" என்று சிறியவள் கேட்டாள். "மேகம்" என்றேன். அவள் வாயைத் திறந்து அதைக் கடித்துப் பார்த்தாள். ஊர் திரும்பியபின் யார் கேட்டாலும், "நான் மேகம் தின்றேன்" என்பதுதான் அவளுடைய பயணக் கட்டுரை. ரோஜாத் தோட்டம் அவள் நினைவில் இல்லவே இல்லை. அதன் நுழைவுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பவர் என் அத்தான்.

"நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கப் போகிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. இருக்கட்டும், நினைவிராது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பத்து இடங்களைக் காட்டுவது எதற்காக? மறந்துவிடப் போகும் குழந்தைக்கு அன்றைய நாள் இன்பமாகக் கழிந்தால் போதுமே. அந்த வாதம் என் பக்கத்திற்கே வலுச் சேர்க்கிறது.

இனி உயிரைப் பற்றிய பேச்சு. என் தந்தையார் பல ஆண்டுகளாக வாடகை வேன் ஓட்டுபவர். ஆகவே இத்தகைய பயணங்களை நான் சன்னல் பக்கத்திலிருந்து பார்த்ததைவிட, ஸ்டியரிங் பக்கத்திலிருந்து கேட்டதே மிகுதி. ஏற்றத்தில் எல்லாரும் அஞ்சுகிறார்கள். இறக்கத்தில் பாட்டுப் பாடுகிறார்கள். அஞ்ச வேண்டிய இடம் இறக்கமே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடும் மூட்டைகளோடும் ஒரு வேனின் எடை நான்கு டன் என்று கொள்வோம். 1,900 மீட்டர் உயரத்தில் அதன் நிலையாற்றல் ஏறக்குறைய ஏழரைக் கோடி ஜூல். மலையடிவாரத்தில் வண்டி நிற்க வேண்டுமானால் இவ்வளவு ஆற்றலும் வேறு வடிவம் எடுத்தாக வேண்டும். முப்பது டிகிரியில் உள்ள 250 லிட்டர்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும்! சிறு கியரில் இறங்கினால் இதில் பெரும்பகுதியை இஞ்சின் வாங்கிக்கொள்ளும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் உருட்டினாலோ, நேரம் போகிறதென்று மேல் கியரில் விட்டாலோ, அத்தனை வெப்பமும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளில் போய் இறங்குகிறது. பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால், மிதித்த கால் பஞ்சை மிதித்தது போல் உள்ளே போய்விடும். "ஏறின கியரிலேயே இறங்கு" என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். வெப்ப இயற்பியலை நான் வகுப்பறையில் படிக்கிறேன். என் தந்தையார் அதைக் காலால் அறிந்திருக்கிறார். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்ட விதியும்கூட. அதைக் கடைப்பிடிக்க நேரம் வேண்டும். பின் இருக்கையிலிருந்து, "அண்ணே, ஆறு மணிக்குள் மைசூர் போய்விடலாமா?" என்ற குரல் வந்துகொண்டே இருந்தால் எவ்வளவு பொறுமைசாலியின் காலும் தடுமாறும்.

அதைவிடக் கொடியது தூக்கம். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அதை இரவில் ஓட்டி முடித்தவரையே காலையில் மலையேற்றுகிறோம். ஓட்டுநரின் வேலைநேரம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே என்றும், ஐந்து மணி நேரத்திற்குமேல் தொடர்ந்து ஓட்டாமல் இடையே அரை மணி ஓய்வு வேண்டும் என்றும் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களை அச்சட்டம் எட்டிப் பார்க்கவில்லை. ஒற்றை வேன் வைத்திருக்கும் முதலாளியிடம் யார் போய்ச் சட்டம் பேசுவது? ஒருமுறை என் தந்தையார் மூன்று நாள்களில் ஒன்பது மணி நேரம் மட்டுமே தூங்கி ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். அவ்வண்டியில் ஐந்து குழந்தைகள். "நல்லா ஓட்டினீங்க" என்று அவர்கள் நூறு ரூபாய் அன்பளிப்பும் கொடுத்தார்களாம். நல்லவர்கள்தான், ஆனால் தாங்கள் எதற்காக அந்த நூறு ரூபாயைக் கொடுத்தோம் என்பது அவர்களுக்கும் தெரியாது.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது: காரில் செல்வோர் "காட்சி நன்றாகத் தெரியட்டும்" என்று குழந்தையை முன் இருக்கையில் மடிமேல் வைத்துக்கொள்வது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பதினான்கு வயதிற்குட்பட்டவர்களைப் பட்டையாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்க வேண்டும். தவறினால் ஆயிரம் ரூபாய் தண்டம். பிரேக் பிடித்த வேகத்தில் தாயின் கை குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் என்பது பாசத்தின் நம்பிக்கை. நியூட்டனின் முதல் விதி பாசம் அறியாது.

என் கருத்திற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். "எங்களுக்குக் கிடைப்பதே மூன்று நாள் விடுப்பு. வேன் வாடகை நாளுக்கு இவ்வளவு, அறை வாடகை இவ்வளவு. மெதுவாகப் போகச் சொல்ல உனக்கென்ன?" என்று ஓர் எழுத்தரோ ஆசிரியரோ கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் பலவற்றில் மலைப்பயணம் என்பது வாழ்நாளில் ஓரிரு முறைதான். ஒரே முறை போகிறவன் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்பது இயற்கை. ஆனால் கணக்கை வேறு வகையாகவும் போடலாம். மைசூரை விட்டால் டீசல் மிச்சம். உதகையை விட்டுக் கோத்தகிரியில் தங்கினால் கூட்டம் குறைவு. 1819-இல் மலையேறிய சல்லிவன் முதலில் தங்கி வீடமைத்ததும் அந்தப் பக்கம்தான். அண்மையில் உள்ள மலையே போதும் என்பாருக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காடு இருக்கிறது. பேருந்திலோ வேனிலோதான் போக வேண்டும் என்பதும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899 முதல் குன்னூருக்கும், 1908 முதல் உதகைக்கும் ஏறும் பற்சக்கர இரயில் இருக்கிறது. 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அவ்வளவு மெதுவான அந்த இரயிலை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அரசும் நீதிமன்றமும்கூட வேறொரு காரணத்தால் இதே பக்கம் வந்திருக்கின்றன. உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் கட்டப்பட்டது. வணிகர்கள் எதிர்த்தார்கள், அவர்கள் பிழைப்பும் பிழைப்புதான். ஆயினும் ஆறாயிரம் வண்டிகளும் ஒரே நாளில் ஒரே பத்து இடங்களைச் சுற்றினால் வரம்பு கட்டியும் பயன் குறைவு. ஒவ்வொரு குடும்பமும் இரண்டே இடங்களைத் தெரிந்தெடுத்தால் மலைக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

வளைவுகளில் குரங்குக்குச் சிப்ஸ் பொட்டலம் நீட்டிக் குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். பக்கம் போதாது.

எனவே வரும் கோடையில் வேன் பேசும் நண்பர்கள், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதோடு, "நேற்று எங்கே ஓட்டினீர்கள்? எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்?" என்றும் கேளுங்கள். அடிவாரத்தில் ஓர் இரவு தங்கிக் காலையில் ஏறுங்கள். விடுதியில் அறை எடுக்கும்போது ஓட்டுநருக்கும் ஒரு கட்டில் சொல்லுங்கள். பல விடுதிகளில் அவருக்கு இடமில்லை, வண்டியிலேயே படுத்துக்கொள்கிறார். குளிர்கால இரவுகளில் உதகையின் வெப்பம் ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. சன்னலை முழுதும் ஏற்றினால் மூச்சு முட்டுகிறது, திறந்தால் குளிர் அறுக்கிறது என்பார் என் தந்தையார். நாலு மணிக்கு மேல் கண் மூடுவாராம். ஆறு மணிக்குக் குழந்தைகள் குல்லாய் போட்டுக்கொண்டு கதவைத் தட்டுவார்களாம்.