கருவிகள் கன்டெய்னரில் இருக்கட்டும்

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளின் முதல் வாரம் இன்ஸ்டால் செய்வதிலேயே கரைந்துவிடுகிறது. ஒரு ப்ராஜெக்டுக்கு நோட்.ஜேஎஸ் 16 வேண்டும், அடுத்ததற்கு 20 வேண்டும். ஒன்றைப் போட்டால் மற்றொன்று முரண்டு பிடிக்கும். பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டால், "என் மெஷின்ல ஓடுதே" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்த மெஷினில் எது எப்போது ஏறியது என்று அவருக்கே நினைவிருக்காது.

ப்ராஜெக்டுக்கு வேண்டிய கம்பைலர், பேக்கேஜ் மேனேஜர், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் கன்டெய்னருக்குள் ஓட்டுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எடிட்டரும் கிட்டும் மட்டும் லேப்டாப்பில் இருந்தால் போதும். லினக்ஸ் கெர்னல் ஒரு ப்ராசஸைச் சுற்றிப் போடும் வேலிதான் கன்டெய்னர். அதற்கான நேம்ஸ்பேஸ், சிகுரூப் வசதிகள் முன்பே இருந்தன; 2013இல் டாக்கர் வந்த பிறகுதான் அவை எல்லோர் கைக்கும் எட்டின.

தொடங்கும்போது ஒரு சிக்கல் கட்டாயம் வரும். லினக்ஸில் ப்ராஜெக்ட் ஃபோல்டரை மவுன்ட் செய்து, நோட் 20 இமேஜுக்குள் என்பிஎம் இன்ஸ்டால் கொடுப்பீர்கள். வேலை முடிந்ததும் பார்த்தால் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டர் ரூட்டின் பெயரில் இருக்கும். அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்று வரும். கன்டெய்னருக்குள் ஓடியது ரூட் என்பதுதான் காரணம். ரன் கட்டளையோடு யூசர் ஆப்ஷனில் உங்கள் யூசர் ஐடியைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. உபுன்டுவில் முதல் யூசருக்கு அது பெரும்பாலும் 1000. மேக்கில் தொல்லை வேறு மாதிரி. அங்கே டாக்கர் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடுவதால், ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைப் படிக்கும்போது வேகம் குறையும். நோட்_மாட்யூல்ஸை மட்டும் தனி வால்யூமில் வைத்தால் நன்றாகவே குறைகிறது அந்தத் தாமதம்.

இவ்வளவு சிரமப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்பிஎம் பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆகும்போதே தங்கள் ஸ்கிரிப்டை ஓட்ட முடியும், அதுவும் உங்கள் யூசருக்கு உள்ள உரிமைகளோடு. 2021 அக்டோபரில் யுஏ-பார்சர்-ஜேஎஸ் என்ற பிரபலமான பேக்கேஜுக்குள் புகுந்த விஷமிகள் இந்த வழியைத்தான் பயன்படுத்தினார்கள். கிரிப்டோ மைனரோடு, விண்டோஸ் மெஷின்களில் பாஸ்வேர்டு திருடும் நிரலும் இறங்கியது. ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் மவுன்ட் செய்திருந்தால், உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவி அந்த ஸ்கிரிப்டின் கண்ணில் படாது. கன்டெய்னர் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். மைனர் உள்ளேயும் ஓடும். ஹோம் ஃபோல்டரையே மவுன்ட் செய்கிறவர்களுக்கோ இந்த அரைப் பாதுகாப்புகூடக் கிடையாது.

இமேஜ் பெயரில் லேட்டஸ்ட் என்று போடாதீர்கள். இன்று ஓடுவது அடுத்த மாதம் வேறொன்றாகிவிடும். வெர்ஷன் எண்ணை எழுதி, டாக்கர்ஃபைலைக் கோடோடு சேர்த்து ரெப்போவில் கமிட் செய்யுங்கள். அடுத்து வருகிற பிள்ளை முதல் நாளே வேலையைத் தொடங்கட்டும்.