வீட்டுக்கு வீடு பைக் நிக்குது, வசதிதான்!

போன வாரம் சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருத்தர் எங்க வீதியில நின்னு எண்ணிப் பார்த்தார். 12 வீடு, 16 பைக். "பரவாயில்லையே, கிராமத்துக்கும் வசதி வந்துடுச்சு" என்றார். விருந்தாளிகிட்ட சண்டை போடக் கூடாதுன்னு சிரிச்சு வச்சேன். ராத்திரி தூக்கம் வரலீங்க. அவர்கிட்ட சொல்லாததை இங்கே சொல்லிடறேன்.

எங்க ஊர் பல்லடத்துக்குத் தெக்கால. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு 28 கிலோமீட்டர். தென்னையும் கொஞ்சம் சோளமும் வச்சிருக்கிற வீடுகளில் ஒருத்தர் தோட்டத்தைப் பார்த்தா, இன்னொருத்தர் கம்பெனிக்குப் போனாத்தான் அடுப்பெரியும். காலையில எட்டரைக்கு உள்ளே இருக்கணும், ராத்திரி எட்டு மணிக்கு விடுவாங்க. ஒன்றரை ஷிப்ட். முன்னே அவங்களைத் திருப்பிக் கொண்டு வந்து சேர்க்க ராத்திரியில ஒரு பஸ் இருந்துச்சு. 2020 ஊரடங்குல நின்னது, அப்புறம் வரவே இல்லை. மனு கொடுத்தோம். "அந்த டிரிப்புக்கு ஆள் ஏறதில்லை" என்று பதில் சொன்னாங்க. பஸ் வராததால கடன்பட்டு பைக் வாங்கினோம். பைக் வாங்கிட்டோம்னு பஸ் வரமாட்டேங்குது. இதுல வசதி எங்கே இருக்குதுங்க?

கணக்கைப் பாருங்க. போக வர 56 கிலோமீட்டர். மாசம் 26 நாளைக்கு 1,456. லிட்டருக்கு 50 கொடுத்தாலும் 29 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சாலே 2,900. வண்டி டியூ ஒரு 3,000. டயர், ஆயில், பஞ்சர் தனி. மாசம் 18,000 வாங்குற பையனுக்கு மூணுல ஒரு பங்கு ரோட்டுலயே போயிடுது. வேலைக்குப் போய்ச் சேர்றதுக்காகவே மூணு நாளைக்கு ஒரு நாள் வேலை செய்யறான்.

இதுல பருவம் வேற. "மழையில பைக் ஓட்டறது ஒரு சுகம்" என்று பட்டணத்துல எழுதறாங்க. எட்டரைக்கு மேல பத்து நிமிஷம் ஆனா கால் ஷிப்ட் வெட்டுன்னு இருந்தா அந்தச் சுகம் எப்படி இருக்கும்னு எழுதமாட்டாங்க. எங்க அப்பாரு காலத்துல மழைக்குச் சாக்கைக் கொங்காடை போட்டுக்கிட்டு காட்டுக்கு நடந்து போவாங்க. இப்ப மழைக்கோட்டு இருக்கு, ஆனா ஐப்பசி மழைக்கு அது பத்தாது. நனைஞ்ச பேண்ட்டோட நாள் பூரா மிஷின்ல உக்காரணும். ராத்திரி வர்றப்ப எதிர்ல லாரி லைட்டு, ஹெல்மெட் கண்ணாடி பூரா மழைத்துளி. ஒண்ணும் தெரியலைன்னு கண்ணாடியைத் தூக்கினா ஈசல் வந்து கண்ணுல அடிக்கும்.

ஆனியும் ஆடியும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. காத்தாடிக் கம்பெனிக்காரங்களுக்கு அது காசு. எங்களுக்கு அது பக்கவாட்டுல வண்டியைத் தள்ளற பேய். ரோட்டோரத் தென்னையிலிருந்து மட்டை எப்ப விழும்னு தெரியாது. மார்கழியில சட்டைக்குள்ள பேப்பரை மடிச்சு வச்சுக்கிட்டுப் போவாங்க. சித்திரையில சீட்டு மேல ஈரத்துண்டைப் போட்டுத்தான் உக்காரணும். எந்த மாசமா இருந்தாலும் மயில் குறுக்கே பறக்கும்.

இப்ப என் தப்பையும் சொல்லணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தை மாசம். களம் இல்லாததால கொள்ளுச் செடியை ரோட்டுல பரப்பியிருந்தேன். பொழுதிறங்கினதும் குமிச்சு, கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, சுத்தியும் கல் வச்சேன். காலையில எடுத்துக்கலாம்னு வீட்டுக்கு வந்துட்டேன். ராத்திரி ஒன்பதரைக்கு நல்ல பனி. பக்கத்து வீட்டுப் பையன் கம்பெனியிலிருந்து வந்தவன் அந்தக் கல்லுல ஏறி விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்ததால தலை தப்பிச்சுது. காலுல பிளேட் வச்சாங்க. மூணு மாசம் சம்பளம் இல்லை, டியூ மட்டும் நிக்கலை.

ஆஸ்பத்திரியில அவன் பக்கத்துல நின்னப்ப எனக்கு வாய் வரலை. அவன்தான் சொன்னான்: "உடுங் மாமா, நான்தான் மெதுவா வந்திருக்கோணும்." 12 மணி நேரம் நின்னு வேலை செஞ்சுட்டு 28 கிலோமீட்டர் பனியில வந்தவன், தப்பைத் தன் மேல போட்டுக்கறான். அதுக்கப்புறம் ரோட்டுல ஒரு செடி நான் போட்டதில்லை. அது என் பங்கு. ஆனா அன்னைக்கு ராத்திரி பஸ் இருந்திருந்தா அவன் ஜன்னலோரம் தூங்கிட்டு வந்திருப்பான். அந்தப் பங்கு யாருது?

2022இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். மத்திய அரசு வெளியிட்ட கணக்கு இது. இதைச் சொன்னா உடனே "ஹெல்மெட் போடுங்க, வேகத்தைக் குறைங்க" என்பீர்கள். போடறோம், குறைக்கிறோம். போடாதவனை நானே திட்டறேன். ஆனா ஒரு ஊரையே ரெண்டு சக்கரத்து மேல ஏத்தி விட்டுட்டு, விழுந்தவன்கிட்ட மட்டும் ஒழுக்கம் பேசறது நியாயமில்லீங்க.

2021 மே மாசத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. நல்ல திட்டம், மனசாரச் சொல்றேன். ஆனா வராத பஸ்ஸுல இலவசமா எப்படிப் போறது? எங்க ஊர்ப் பொண்ணுங்களும் ராத்திரி அண்ணன் தம்பி பைக்குக்குப் பின்னாடிதான் உக்கார்ந்து வர்றாங்க.

நாங்க கேக்கறது மெட்ரோ ரயில் இல்லை. காலையில ஏழு மணிக்கு ஒரு பஸ், ராத்திரி எட்டரைக்குத் திருப்பூரிலிருந்து ஒரு பஸ். ஆறு மாசம் ஒழுங்கா, நேரத்துக்கு ஓட்டட்டும். அப்புறம் ஆள் ஏறலைன்னு சொல்லட்டும், ஒத்துக்கறேன். நீங்க போட்டிருக்கிற பனியன் எங்க பசங்க தைச்சதா இருக்கலாம். அதனால இதை உங்ககிட்டயும் சொல்றேன், நீங்களும் சேர்ந்து கேளுங்க.

அந்தப் பையன் இப்பவும் அதே பைக்கில்தான் போறான். ராத்திரி ஒன்பதரைக்கு வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் அவங்கம்மா வாசல் லைட்டை அணைக்கறதில்லை. சென்னை உறவுக்காரரே, அடுத்த தடவை வந்தா பகல்ல எண்ணாதீங்க. அந்த நேரத்துல எங்க வீதியில வந்து நின்னு, எத்தனை வண்டி திரும்பி வந்துச்சுன்னு எண்ணுங்க.