வெயில் ஊருக்கு வால்வு வேண்டாமா?

தண்ணீரால் குளிரும் இஞ்சினில், பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் வாயிலில், தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும். அதன் நடுவிலுள்ள சிறு உலோகக் குப்பியில் மெழுகு அடைத்திருக்கும். பல கார், லாரி இஞ்சின்களில் தண்ணீர் 82 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கத் தொடங்கும். 95 டிகிரி அளவில் வால்வு முழுதும் திறந்துவிடும். ‘இது குளிர் தேசத்துச் சாமான், நம்ம வெயிலுக்கு எதுக்கு? தூக்கிப் போட்டா வண்டி சூடாகாது’ என்பது தமிழகத்து ஊர்களைப் போலவே காரைக்காலிலும் வழங்கும் பட்டறைப் பேச்சு. இதை நம்பிக் கெட்ட இஞ்சின்கள் பல.

வால்வு குளிர்ச்சியைத் தடுக்கிறது என்பது முதல் வாதம். சூடான இஞ்சினில் வால்வு திறந்தே இருக்கிறது. அதற்குமேல் எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்பதை முடிவு செய்பவை ரேடியேட்டரின் பரப்பு, அதன் வழியே பாயும் காற்று, தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு ஆகியவை. தண்ணீர் 90 டிகிரி, காற்று 30 டிகிரி என்றால் வேறுபாடு 60. கோடையில் காற்று 40 டிகிரியைத் தொட்டால் அது 50 ஆகிறது. ரேடியேட்டரின் திறனில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. வால்வைக் கழற்றினால் அந்தப் பங்கு திரும்பி வராது. திறந்த வால்வு நீரோட்டத்துக்குத் தரும் சிறு தடையையும் கணக்கில் சேர்த்துத்தான் இஞ்சின் வடிவமைக்கப்படுகிறது.

சில இஞ்சின்களில் கழற்றுவது நேர்மாறான பலனையே தரும். வால்வு திறக்கும்போது அதன் அடித்தட்டு இறங்கி, ரேடியேட்டருக்குப் போகாமல் இஞ்சினுக்குள்ளேயே தண்ணீரைத் திருப்பிவிடும் பக்கவழியை அடைக்கிறது. வால்வு இல்லையென்றால் பக்கவழி எப்போதும் திறந்து கிடக்கும்; சுடுநீரில் ஒரு பகுதி குளிராமலே சுற்றிச் சுற்றி வரும். கழற்றிய பிறகு பாரம் ஏற்றினால் கொதிக்கும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வால்வுக்குப் பரிந்து பேசுவோரும் ஒரு தவறு செய்கிறார்கள்: தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் சூட்டை இறக்க நேரம் கிடைக்காது என்கிறார்கள். ஓட்டம் கூடினால் மொத்தத்தில் வெளியேறும் வெப்பம் குறைவதில்லை. நியாயமான பக்கத்துக்கும் பொய்யான காரணம் வேண்டியதில்லை.

இஞ்சின் எவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம்தான் இவற்றில் மிகக் கெடுதலானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியேறும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் தொட்டிக்குள் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். சூடேறாவிட்டால் அங்கேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்மஞ்சளாக, தயிராடைபோல் ஒட்டியிருக்கும் பசை பலமுறை இதன் அடையாளம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் ஆயிலைக் கழுவி விடுவதால் தேய்மானமும் கூடுகிறது. இன்றைய வண்டிகளில் கணினி, இஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று கருதிக் கூடுதல் எரிபொருளைப் பீய்ச்சுகிறது. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து, விலை குறைவென்று காரைக்காலுக்கு வந்து பெட்ரோல் போட்டுக்கொள்வோர் மிச்சப்படுத்துவதை வால்வைக் கழற்றும் பழக்கம் தின்றுவிடும்.

கடற்கரையில் இந்த நம்பிக்கைக்குப் படகு சாட்சியாகிறது: கடல்நீரை நேரே உள்ளிழுத்துக் குளிரும் இஞ்சின்கள் 60 டிகிரி அளவில் ஓடுகின்றனவே என்பார்கள். அது இஞ்சினின் நலனுக்காக அல்ல, உப்புக்காகச் செய்துகொண்ட சமரசம். அதற்குமேல் சூடேறினால் கடல்நீரின் உப்பு நீர்வழிகளில் படிந்து அடைத்துவிடும். அதனால்தான் பெரிய விசைப்படகு இஞ்சின்களில் நன்னீர் தனிச் சுற்றில் ஓட, கடல்நீர் வெளியே நின்று அதைக் குளிரவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்த நன்னீர்ச் சுற்றிலும் தெர்மோஸ்டாட் உண்டு.

வால்வைக் கழற்றியதும் டெம்ப்பரேச்சர் முள் இறங்கியதைப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. மூடியபடியே இறுகிப்போன வால்வை எடுத்தால் முள் இறங்கத்தான் செய்யும். அது பழுதடைந்த உறுப்பை எடுத்ததன் பலன். புதியது போட்டாலும் அதே பலன் கிடைத்திருக்கும். பாதி அடைத்த ரேடியேட்டரிலும் லேசான ஓட்டத்தில் முள் இறங்கி, உண்மையான கோளாறு மறைந்துவிடும்.

காரைக்கால் வண்டிகளில் அந்தக் கோளாறு பெரும்பாலும் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறது. கடலோரத்து உவர்நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். காரை படிந்து குழாய்கள் குறுகும். வெப்பத்தைக் கடத்துவதில் கூலன்ட் கலவையைவிட வெறும் தண்ணீரே மேல். ஆனால் துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் கூலன்ட்தான். உப்புக்காற்றில் ரேடியேட்டரின் தகடுகள் அரித்து உதிர்கின்றன. மூடியின் ரப்பர் வெடித்தால் அழுத்தம் நிற்காது. 120 டிகிரிக்கு அருகில் கொதிக்க வேண்டிய நீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும். திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டிக்கு எதிர்க்காற்று இல்லை. ஃபேன் ஒன்றே துணை. அது நின்றால் வால்வு இருந்தும் பயனில்லை, இல்லாமலும் பயனில்லை.

சந்தேகப்படும் வால்வைச் சோதிக்க ஒரு பாத்திரத் தண்ணீரும் ஒரு வெப்பமானியும் போதும். வால்வை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டுச் சூடாக்க வேண்டும். உடலில் பொறித்த டிகிரியை ஒட்டித் திறந்து, ஆறும்போது மூடினால் நல்லது. அதையே திரும்பப் பொருத்தலாம். அசையாவிட்டால் அதே டிகிரியில் புதியது வாங்கிப் போட வேண்டும். இரண்டிலும் அந்த இடத்தைக் காலியாக விடுவதற்கு நியாயம் கிடையாது.