மக்கள் தீர்ப்பா? வணிகர் கணக்கா?

மக்கள் பார்க்கவில்லை, ஆகவே நிறுத்திவிட்டோம்! ஒரு நாடகத் தொடரின் கழுத்தை நெரித்து முடித்த பிறகு தொலைக்காட்சி முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் இது. கேட்போரும் தலையசைக்கின்றனர். நன்றாக இருந்திருந்தால் ஓடியிருக்காதா, ஓடாததே அது உருப்படாதது என்பதற்குச் சான்று அல்லவா என்று நியாயம் பேசுகின்றனர். ஏழையைச் சுட்டிக்காட்டி, முற்பிறப்பில் நல்வினை செய்திருந்தால் இப்படி ஆகியிருப்பானா என்று கேட்டார்களே, அவர்களுடைய நியாயம் இது! விளைவைக் காட்டிக் காரணத்தைக் கற்பிக்கும் வித்தை. அன்று ஊழ்வினை, இன்று ஓர் எண். வேறென்ன வேறுபாடு?

அமெரிக்க நாட்டிலே 2019-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் என்.பி.சி. நிலையம் ‘அபீஸ்’ என்றொரு நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியது. அபி என்பவளின் கடை என்பது பெயரின் பொருள். சான் டியாகோ நகரில், வாடகை வீட்டின் கொல்லைப்புறத்தில், உரிமம் பெறாமல் அவள் நடத்தும் மதுக்கூடமே கதைக்களம். கைப்பேசியை எடுக்கக் கூடாது. கடைக்கு முன்னே போட்ட இருக்கையில் அமரும் உரிமையை நாள்பட வந்து ஈட்டியாக வேண்டும். இவை அவள் வகுத்த சட்டங்கள். நான்கு சுவருக்குள் அல்லாமல், இரவு வானத்தின் கீழே, திறந்த வெளியிலே, நேரில் வந்து அமர்ந்த மக்களின் முன்னிலையில் படம் பிடித்தனர். அத்தகைய தொடர்களில் அது புதுமுயற்சி. மொத்தம் பத்துப் பகுதிகள். பத்தும் ஒளியேறி முடியுமுன்பே, மே மாதத்தில், தொடர் கைவிடப்பட்டதென அறிவிப்பு வந்துவிட்டது. எஞ்சியவற்றை சூன் மாதத்தில் காட்டி ஈமக்கடன் முடித்தனர்.

மதுக்கூடத்துக் கதைக்கு மன்றாட வந்தீரோ என்று நம் தோழர்கள் சிலர் புருவம் நெரிப்பர். குடிக்காக நாம் பேசவில்லை. குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால், பிறப்பும் பணமும் கேளாமல் நாலு பேர் கூடி வாதிடும் இடம் என்ற அளவிலேதான் அந்தக் கொல்லைப்புறம் கதையாயிற்று. அங்கே ஊற்றியது சாராயமா, சர்க்கரைப் பாகா என்பதல்ல நம் வழக்கு.

பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? கருத்து பல. பழைய ‘சியர்ஸ்’ தொடரின் நகல் என்றனர் சிலர். அந்தச் சிறு கூட்டத்தின் அன்பும் கேலியும் களைத்த நெஞ்சுக்கு இதம் என்றனர் வேறு சிலர். திறந்த வெளியில் எழுந்த சிரிப்பு காதுக்குப் பொருந்தவில்லை என்பாரும் உண்டு. இவையெல்லாம் பேசத் தகுந்த கருத்துகள். நாமும் சொல்வோம்: கடையின் சட்டதிட்டங்களை ஒப்புவிப்பதிலேயே முதற்பகுதி மூச்சுமுட்டுகிறது. புதிதாக வந்த வீட்டுக்காரனை அடிக்கடி அசடனாக்கிச் சிரிக்க வைப்பது மலிவான வழி. காவியம் என்று நாம் கொடி பிடிக்கவில்லை.

சிரிப்பைப் பற்றிய ஐயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சார்லஸ் டக்ளஸ் என்னும் ஒலிப் பொறியாளர் 1950-களில் ஒரு பொறி செய்தார். விசையை அழுத்தினால் புன்சிரிப்பு, இன்னொன்றை அழுத்தினால் வெடிச்சிரிப்பு! யாரோ என்றோ சிரித்த சிரிப்பைச் சேமித்து, சிரிப்பே வராத இடத்திலெல்லாம் தெளித்தனர். அந்த ஏமாற்று மக்களை எவ்வளவு விழிப்பாக்கியது தெரியுமா? ‘சியர்ஸ்’ உண்மையிலேயே மக்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டது. ஆயினும் அச்சிரிப்புப் பொய் என்று பார்த்தவர்கள் குறைகூற, நேரில் வந்தோர் முன்னிலையில் எடுத்தோம் என்று நடிகர் ஒருவரே தொடக்கத்தில் அறிவிக்க நேர்ந்தது. மக்கள் ஐயுற்றார்கள், நிலையம் விடை சொல்லியது. கருத்துக்கு மதிப்பு என்றால் அது!

இன்னொரு வகைக் கருத்தும் எழுந்தது. அதை விட்டுவைக்க நமக்கு மனமில்லை. அபி, மரீன் படையில் பணியாற்றித் திரும்பியவள். கியூபாக் குடிவழியில் வந்தவள். ஆண் பெண் இருபாலரிடமும் ஈர்ப்புக் கொண்டவள். இதெல்லாம் கதைக்கு எதற்கு, திணிப்பு அல்லவா என்று சலித்துக் கொண்டோர் உண்டு. ‘சியர்ஸ்’ கடைக்காரன் சாம் மலோன் பெண்களைத் துரத்துவதையே பதினோர் ஆண்டுகள் நகைச்சுவையாக விற்றார்களே, அது கதைக்கு எதற்கு என்று எத்தனை பேர் கேட்டனர்? ஆண் அலைந்தால் வேடிக்கை, பெண் தன் மனத்தை உரைத்தால் திணிப்பா? மனுநீதி மதுக்கூடத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது!

இனி அந்த எண்ணுக்கு வருவோம். அமெரிக்காவில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் அப்போது ஏறத்தாழ 12 கோடி. நீல்சன் நிறுவனம் கருவி பொருத்திக் கணக்கெடுத்தது அவற்றில் 40,000 வீடுகள் அளவில். இத்தனை குறைவா என்று நாம் கொதிக்கப் போவதில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். முறையாகப் பொறுக்கினால் சிறு கூட்டம் பெருங்கூட்டத்தைக் காட்டும். அது கணக்கியல் மெய்ப்பித்த உண்மை, பகுத்தறிவாளர் மறுக்கலாகாது. நம் கேள்வி வேறு. அந்தக் கருவி எதை அளக்கிறது? பெட்டி எரிந்ததா, எதிரே ஆள் இருந்தாரா என்பதை. பார்த்தவர் மகிழ்ந்தாரா, மறுவாரம் வரட்டும் என்று காத்திருந்தாரா என்பதை அது கேட்பதே இல்லை. சோறு வெந்ததை அறியும் அகப்பை. பசி ஆறியதை அறியாது.

அதிலும் ஒரு வடிகட்டல். விளம்பரம் தரும் வணிகர் நெடுங்காலமாக நாடியது 18 முதல் 49 வயது வரை உள்ளோரை. ஐம்பதைக் கடந்த ஆசிரியர் வயிறு குலுங்கச் சிரித்தாலும் அச்சிரிப்புக்கு விலை குறைவு. பற்பசை வாங்குவோர் யார் என்று அறியச் செய்த கணக்கு அது. வணிகருக்கு அது தேவைதான். அதைக் கொண்டுவந்து மக்கள் தீர்ப்பு என்று மணிமுடி சூட்டுகிறார்களே, அங்கேதான் புரட்டு!

அந்த எண் அருள்வாக்கு அன்று என்பதற்கு அதே என்.பி.சி. நிலையமே சாட்சி. 1982-ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘சியர்ஸ்’ தொடங்கிய வாரத்தில் 77 நிகழ்ச்சிகளில் அதற்குக் கிடைத்த இடம் 74! இன்றைய நீதிப்படி மறுமாதமே புதைத்திருக்க வேண்டும். புதைக்கவில்லை. பெருந்தன்மை என்று எண்ணிவிடாதீர். மூன்று நிலையங்களுள் மூன்றாம் இடத்தில் கிடந்தது என்.பி.சி., அந்த இடத்தில் வைக்க வேறு சரக்கும் இல்லை. காத்திருந்தது. 1983-இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி பரிசு வந்தது. மறு ஒளிபரப்பில் மக்கள் கண்டுகொண்டனர். 275 பகுதிகள்! 1993-ஆம் ஆண்டு மே மாதத்தில் விடைபெற்ற இரவு, ஏறத்தாழ 8 கோடிப் பேர் பார்த்தனர் என்பது கணக்கு. முதல் வாரத்து எண் மக்கள் தீர்ப்பென்றால், இந்த 8 கோடிப் பேர் யார்? ‘சியர்ஸ்’ பெற்ற அந்தக் காலத்தை ‘அபீஸ்’ பெறவில்லை. பெற்றிருந்தால் வளர்ந்திருக்கும் என்று நாம் சூளுரைக்கவில்லை. வளருமா வாடுமா என்று பார்க்கும் பொறுமைகூட இல்லாமல், மக்கள் வெறுத்தனர் என்று மக்கள் தலையில் பழி போடாதே என்கிறோம்.

அதே 1982-இல் ஏ.பி.சி. நிலையம் ‘போலீஸ் ஸ்குவாட்’ தொடரை ஆறே பகுதிகளில் நிறுத்தியது. நிலையத்தின் தலைவர் சொன்ன காரணம் கேட்டால் சிரிப்புக்கே சிரிப்பு வரும்: அதைச் சுவைக்க வேண்டுமானால் பார்வையாளர் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறதாம்!

இங்கிலாந்தில் பி.பி.சி. 1936-இலேயே நேயர் ஆய்வைத் தொடங்கியது. பின்னர், எத்தனை பேர் என்பதோடு நில்லாமல், எவ்வளவு பிடித்தது என்று கேட்டு மதிப்பெண் வாங்கும் பாராட்டுக் குறியீட்டையும் வகுத்தது. விளம்பரக்காரனுக்கு விடை சொல்ல வேண்டாத நிலையத்துக்கு அக்கேள்வி தோன்றியதில் வியப்பென்ன? அந்நிலையத்தில் 2003-இலும் 2004-இலும் ‘ஏர்லி டோர்ஸ்’ என்றொரு தொடர் வந்தது. வட இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில், ‘தி கிரேப்ஸ்’ என்னும் சிறு மதுக்கூடம். அங்கே உட்கார்ந்து சும்மா பேசும் எளிய மனிதர். ஓட்டமில்லை, சாட்டமில்லை. பன்னிரண்டே பகுதிகள். பார்த்தவர்கள் மறந்தார்களா? 2018-இல் அது நாடகமாகிச் சால்ஃபோர்டு நகரில் மேடையேறியது. பதினான்கு ஆண்டுகள் கழித்துச் சீட்டு வாங்கி வந்தவர்களிடம், உனக்கு வயது 49-ஐத் தாண்டிவிட்டதா என்று வாயிற்காவலர் கேட்டிருக்க மாட்டார்.