உடல்நலம் பேணுவோம்: உறங்கும் கிருமி



ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வாழும் நமக்குப் பச்சைத் தோலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பிட்டு அடுக்கிய தோல் வாரக்கணக்கில் கெடாது. ஆயினும் உப்பு, தோலை அழுகச் செய்யும் கிருமிகள் எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை; தலையெடுக்க ஒட்டாமல் அடக்கி வைக்கிறது. உப்பைக் கழுவிவிட்டுக் கவனியாது இருந்தால் அழுகல் தொடங்கிவிடும். எச்.ஐ.வி. கிருமிக்கு இன்று தரப்படும் கூட்டு மருந்தும் ஏறக்குறைய இத்தகையதே.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் வெளிப்பட்டது நம் வேலூரில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மருத்துவ மாணவி நிர்மலா சென்னையில் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று தென்பட்டது. அந்நாளில் இதற்கு மருந்தில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. அதை ஒழுங்காக உட்கொள்வோர் இன்று நெடுநாள் வாழ்கின்றனர்.

அப்படியானால் நோய் முற்றும் நீங்கிவிடுமா? இல்லை. இக்கிருமி, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களுள் புகுந்து அவற்றின் மரபுப் பொருளோடு ஒன்றிவிடுகிறது. கிருமி பெருகுவதை மருந்து தடுக்கிறது. ஆனால் சில வெள்ளணுக்கள் பல ஆண்டுகள் ஓய்ந்திருக்கும் இயல்புடையவை; அவற்றுள் கிருமியும் உறங்குகிறது. உறங்கும் கிருமியை மருந்து எட்டுவதில்லை. மருந்து உண்போரிடமும் இது மறைந்திருப்பதை 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

ஆகவே, 'சோதனையில் கிருமி தென்படவில்லை' என்று மருத்துவர் கூறினால், மருந்து வேலை செய்கிறது என்பதே அதன் பொருள். இனி மருந்து வேண்டாம் என்பதன்று. நிறுத்தினால் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலேயே கிருமி மீண்டும் பெருகும். அமெரிக்காவில் 2010இல் பிறந்த ஒரு குழந்தை, மருந்து நின்றபின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நலமாயிருந்தது. குணமாயிற்று என்று உலகமே மகிழ்ந்தது. 2014இல் கிருமி திரும்பி வந்தது.

குணமளிக்கும் செபக்கூட்டத்தில் ஆறுதல் பெற்றவர்கள் மாத்திரையை எறிந்துவிடுவது விசுவாசம் ஆகாது. மருத்துவரை ஆண்டவரே ஏற்படுத்தினார் என்று சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது அன்றோ?

குடும்பத்தாருக்கும் கடமையுண்டு. ஒரே தட்டில் உண்பதாலோ தொடுவதாலோ இந்நோய் பரவாது. ஒழுங்காக மருந்துண்டு கிருமி தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து அவருடைய வாழ்க்கைத் துணைக்கும் உறவின் வழியாகத் தொற்றாது. ஆதலால் ஒதுக்காதீர்கள். ஒளித்து உண்ணும் மாத்திரை ஒருநாள் தவறிப்போகும். இரவுச் செபமாலை முடிந்ததும், "மாத்திரை சாப்பிட்டாயிற்றா?" என்று அன்போடு கேளுங்கள். அதுவும் ஒரு செபமே.